குவியலுக்குள் கை விடுங்கள்: காப்பீட்டு விளம்பரங்களும் நம் கடமையும்

மதீனாவின் சந்தையில் ஒரு தானியக் குவியல் இருந்தது. மேற்புறம் நன்கு உலர்ந்திருந்தது. நபி (ஸல்) அவர்கள் அதனுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள இந்நிகழ்வை ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆயினும் காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் இணையதளத்தைத் திறந்தவுடன் அதை மறந்துவிடுகிறோம். முகப்பில் மின்னும் உலர்ந்த தானியத்தைப் பார்த்தே பணத்தைக் கட்டிவிடுகிறோம்.

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்களுக்கு இது சிறிய விஷயமன்று. துறைமுகத்திற்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுபவரும், மணலித் தொழிற்சாலைகளில் ஒப்பந்தக் கூலிக்கு உழைப்பவரும், பழைய வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை நடத்துபவரும் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம் அது. மருத்துவமனை வாசலில் அது கைகொடுக்காவிட்டால் அடுத்த நிறுத்தம் வட்டிக்கடைதான். ஒரு பொய்யான விளம்பரம் நம் மக்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடம் அதுவென்றால், அதைப் பற்றிப் பேசுவது மார்க்கத்திற்கு அப்பாற்பட்ட பேச்சாகாது.

"காப்பீடே கூடாது எனும்போது விளம்பரத்தை ஏன் ஆராய வேண்டும்?" என்று சிலர் கேட்கக்கூடும். வணிகக் காப்பீடு கூடாது, பரஸ்பர உதவி அடிப்படையிலான தகாஃபுல் கூடும் என்று 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது உண்மையே. ஆனால் இந்தியாவில் உரிமம் பெற்ற தகாஃபுல் நிறுவனம் ஒன்றுகூட இல்லை. மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் ஒரு ஸ்கூட்டரைக்கூடச் சாலையில் ஓட்டச் சட்டம் அனுமதிக்காது. எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதை நம்பிக்கைக்குரிய உலமாக்களிடம் கேட்டுத் தெளிவோம். எந்தக் கருத்தைப் பின்பற்றினாலும், கட்டாயத்தின் பேரில் வாங்கும் பொருளில் ஏமாறலாம் என்று எந்த ஆலிமும் சொல்லவில்லை.

முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கும் முதல் வாசகத்தையே எடுத்துக்கொள்வோம்: "99 சதவீத கிளைம்கள் வழங்கப்பட்டன." இந்த எண் பொய்யாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உண்மையான எண்ணைக் கொண்டும் ஏமாற்றலாம். இது எண்ணிக்கையின் விகிதமா, தொகையின் விகிதமா என்று கேளுங்கள். மூன்று லட்சம் கேட்டவருக்கு ஒரு லட்சம் கொடுத்தாலும், எண்ணிக்கைக் கணக்கில் அது "வழங்கப்பட்ட கிளைம்" ஆகிவிடுகிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ஆண்டறிக்கையைத் திறந்தால் வேறொரு காட்சி தெரிகிறது. 2023-24ஆம் ஆண்டில் மருத்துவக் காப்பீட்டில் நிறுவனங்களின் முன் இருந்த கோரிக்கைகளின் தொகை ஏறத்தாழ 1.17 லட்சம் கோடி ரூபாய். அவை கொடுத்ததோ ஏறத்தாழ 83,500 கோடி. நூற்றுக்கு 71 ரூபாய். மீதியில் ஒரு பகுதி நிலுவையில் இருந்தது, ஒரு பகுதி நிராகரிக்கப்பட்டது, ஒரு பகுதி வெட்டப்பட்டது. முகப்பில் இருக்கும் எண்ணுக்கும் இந்த எண்ணுக்கும் இடையிலான தூரம்தான் குவியலுக்குள் இருக்கும் ஈரம்.

அடுத்தது "கையில் பணமின்றிச் சிகிச்சை" என்ற வாக்குறுதி. ஐந்து லட்ச ரூபாய்க்கான பாலிசியில் அறை வாடகைக்கு உச்சவரம்பு ஒரு சதவீதம் என்று உள்ளே எழுதியிருந்தால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்று பொருள். நோயாளி 10,000 ரூபாய் அறையில் தங்கினால், கூடுதல் வாடகையை மட்டும் கட்டினால் போதும் என்று குடும்பத்தினர் நினைப்பார்கள். ஆனால் விகிதாசாரக் கழிவு என்ற விதி அங்கே காத்திருக்கிறது. மருந்து, பரிசோதனை போன்றவை நீங்கலாக, மருத்துவர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம் முதலியவற்றிலும் பாதியே கிடைக்கும். அந்த வகையில் இரண்டு லட்சம் ஆனால் ஒரு லட்சம் நம் தலையில் விழும். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம் போன்ற ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் விதிக்க நிறுவனத்திற்கு அனுமதி உண்டு. இவை எதுவும் முகப்புப் பக்கத்தில் இருப்பதில்லை.

"முழுமையான பாதுகாப்பு" என்று வாகனக் காப்பீட்டை விற்பார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வடசென்னையை மூழ்கடித்தபோது எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்பதை நாம் கண்டோம். நீர் புகுந்த எஞ்சினை இயக்க முயன்று அது பழுதானால், எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைத் தனியாகப் பணம் கட்டி வாங்கியிராதவருக்குப் பொதுவாக அந்த இழப்பீடு மறுக்கப்படும். "முழுமை" என்ற சொல்லுக்கு அகராதியில் ஒரு பொருள், பாலிசியில் வேறொரு பொருள்.

"முதலிடம்", "மிகச் சிறந்தது", "இன்றே வாங்குங்கள், நாளை விலை ஏறும்" ஆகிய சொற்களின் தரத்தை நாம் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை, ஆணையமே அளித்திருக்கிறது. ஆயுள் காப்பீட்டுப் பிரீமியம் 2020 ஏப்ரல் 1 முதல் உயரப்போவதாகச் சுமார் 10 லட்சம் வாடிக்கையாளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பியதற்காக, பாலிசிபஜார் நிறுவனத்திற்கு 2021இல் 24 லட்ச ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அதே நிறுவனத்திற்குப் பல்வேறு விதிமீறல்களுக்காக 2025 ஆகஸ்டில் 5 கோடி ரூபாய் அபராதம் விதித்த ஆணையில், ஐந்து முதலீட்டுக் காப்பீட்டுத் திட்டங்களைத் தக்க அடிப்படையைக் காட்டாமல் "சிறந்தவை" என்று இணையதளத்தில் முன்னிறுத்தியதும் குறையாக எடுத்துக்காட்டப்பட்டது. ஒப்பிட்டுப் பார்த்து வாங்க உதவுகிறோம் என்று சொல்லும் தளத்தின் நிலையே இதுவென்றால், தன் சரக்கைத் தானே புகழும் நிறுவனத்தின் பக்கத்தை எப்படிச் சாட்சியமாக ஏற்பது? தனக்கு ஆதாயம் தரும் விஷயத்தில் ஒருவர் தனக்குத்தானே சொல்லும் சாட்சியத்தை நம் ஃபிக்ஹ் ஏற்பதில்லை. வரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரா அல்ஹுஜுராத் ஆறாம் வசனம் கட்டளையிடுகிறது.

"ஹலால்", "ஷரீஅத்துக்கு உட்பட்டது" என்ற முத்திரையை எவரேனும் காட்டினால் விசாரணை இன்னும் கடுமையாக இருக்கட்டும். ஆணையத்தின் பதிவு எண் என்ன, ஒப்புதல் அளித்த உலமாக்கள் யார், அவர்கள் கையொப்பமிட்ட ஆவணம் எங்கே என்று கேளுங்கள். அல்லாஹ்வின் மார்க்கத்தை விற்பனைச் சீட்டாக ஒட்டுவது, நனைந்த தானியத்தை மறைப்பதைவிடப் பெரிய மோசடி.

நிறுவனங்களின் சார்பில் ஒரு வாதம் எழும்: "எல்லா நிபந்தனைகளையும் பாலிசியில் எழுதித்தான் வைத்திருக்கிறோம். படிக்காதது உங்கள் குற்றம்." அந்தத் தானிய வணிகரும் இதைச் சொல்லியிருக்கலாம்: கையை விட்டுப் பார்ப்பதை நான் தடுத்தேனா? நபியவர்கள் அதற்கு இடமே கொடுக்கவில்லை. ஈரத்தை மேலே வைக்க வேண்டிய பொறுப்பை விற்பவரின் மீதே சுமத்தினார்கள். வாக்குறுதி எந்த அளவு எழுத்தில் இருக்கிறதோ, நிபந்தனையும் அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். நேர்மையான வணிகத்தின் இலக்கணம் அதுதான்.

அவர்கள் அதைச் செய்யும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பணம் கட்டும் முன் வாடிக்கையாளர் தகவல் தாளையும் பாலிசி வாசகத்தையும் கேட்டு வாங்குங்கள். முகவர் வாயால் சொன்னதை மின்னஞ்சலில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில். விளம்பரப் பக்கத்தைத் தேதியுடன் படமெடுத்து வையுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கக் கற்பிக்கும் நீண்ட வசனம் சூரா அல்பகராவில் இருப்பது ஓதுவதற்கு மட்டுமன்று. நம் பக்கத்திலும் உண்மை வேண்டும்: படிவத்தில் நோயை மறைப்பதும் மோசடியே, கிளைம் மறுக்கப்படவும் அதுவே காரணமாகும்.

பாலிசி ஆவணம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம். கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் செல்லலாம். அவருடைய அலுவலகம் சென்னையிலேயே உள்ளது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்ச ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு.

இதைத் தனி மனிதர்களின் தலையில் மட்டும் போட்டுவிடக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதிய நாற்பது பக்கத்தை ஓர் எண்ணூர்த் தொழிலாளி எப்படிப் படிப்பார்? ஒவ்வொரு மஹல்லாவிலும் பட்டதாரி இளைஞர்கள் இருக்கிறார்கள். மாதம் ஒரு நாள் இஷாவுக்குப் பின் பள்ளிவாசலில் அமர்ந்து, குடும்பங்கள் கொண்டுவரும் பாலிசிகளைப் படித்து விளக்க ஜமாஅத் நிர்வாகங்கள் ஏற்பாடு செய்யட்டும். நோன்புக் கஞ்சிக்கு ஆள் திரட்டத் தெரிந்த நமக்கு இது இயலாத காரியமன்று. சந்தையில் இறங்கிக் குவியலுக்குள் கை விட்டதும் ஒரு சுன்னத்தே. அல்லாஹ் நன்கறிந்தவன்.