வீடு விக்க ஏஜெண்ட் வேணுமா? கோயில்ல கேக்குறவங்களுக்கு ஒரு பதில்



லோரோங் 8 காளியம்மன் கோயில்ல தொண்டூழியம் செய்யுற எங்ககிட்ட, அர்ச்சனை நேரத்துக்கு அடுத்தபடியா இப்ப அதிகமா வர்ற கேள்வி இதுதான்: "தம்பி, வீட்ட நாமளே வித்துடலாமா, ஏஜெண்ட் வைக்கணுமா?" அன்னதானக் கூடத்துல நின்னுக்கிட்டு இதுக்கு முழுசா பதில் சொல்ல முடியல. அதான் இங்க எழுதுறேன். நான் ஏஜெண்ட் இல்லீங்க, யாருக்கும் ஆள் பிடிக்கவும் இல்ல.

முதல்ல பணம். 600,000 வெள்ளிக்குப் போகுற வீட்டுக்கு 2 விழுக்காடு கமிஷன்னா 12,000 வெள்ளி. ஏஜெண்டோட நிறுவனம் பொருள் சேவை வரி வசூலிக்குதுன்னா இன்னும் 1,080. இந்த 2 விழுக்காடு சட்டம் இல்ல, வழக்கம். கமிஷன் இவ்வளவுதான்னு சிங்கப்பூர்ல எந்த விதியும் கிடையாது, பேசிக் குறைக்கலாம். காய்கறிக் கடையில அம்பது காசுக்குப் பேரம் பேசுற நாம, இங்க மட்டும் தலையாட்டிட்டுக் கையெழுத்துப் போடுறோம்.

காகித வேலைக்குப் பயந்துதான் பல பேர் ஏஜெண்டைத் தேடுறாங்க. அந்தப் பயம் பழைய காலத்துப் பயம். 2018 ஜனவரியில வீவக மறுவிற்பனை இணையவாசல் வந்தப்பவே 16 வார வேலை 8 வாரமாச்சு. இப்ப முறை இதுதான். சிங்பாஸ் வச்சு உள்ள போய் 'இன்டென்ட் டு செல்' பதியணும். ஏழு நாள் கழிச்சுத்தான் ஓடிபி கொடுக்கலாம். (ஃபோனுக்கு வர்ற ஓடிபி இல்ல, வாங்குறவருக்கு நாம எழுதிக் கொடுக்குற வாங்கும் உரிமைப் பத்திரம்.) முன்பணம் 1,000 வெள்ளிக்கு மேல வாங்கக்கூடாது. அவர் முடிவு செய்ய 21 நாள். அந்த 21 நாளும் வேற யாருக்கும் விக்க முடியாது. அதனால எதிர்ல இருக்குறவர்கிட்ட 'ஹெச்எஃப்இ' கடிதம் இருக்கா, கடன் எவ்வளவு கிடைக்கும்னு பார்க்காம பேனாவைத் தொடாதீங்க. 2024 மே மாசத்துலேர்ந்து வீவக இணையவாசல்லயே வீட்டை விளம்பரம் செய்யலாம். போன மாசம் பக்கத்து புளோக் என்ன விலைக்குப் போச்சுன்னும் வீவக தளத்துல இலவசமா இருக்கு, எந்த மாடியிலேர்ந்து எந்த மாடிக்குள்ள, எத்தனை சதுர மீட்டர்னு விவரத்தோட.

ஒண்ணு மட்டும் தோ பாயோக்காரங்க ஞாபகம் வச்சுக்கணும். லோரோங் 1ஏ பக்கம் ஒரு வீடு மில்லியன் தாண்டினா, நம்ம பழைய மூவறையும் ஏறிடும்னு கணக்குப் போடாதீங்க. 1970ல குத்தகை ஆரம்பிச்ச வீடு 2069ல முடியும். வாங்குறவங்கள்ல இளையவருக்கு 95 வயசு ஆகுற வரைக்கும் குத்தகை மிச்சம் இருந்தாதான் மத்திய சேம நிதிப் பணத்தை முழு அளவுக்குப் பயன்படுத்தலாம். அப்படின்னா இளம் தம்பதிகள் பல பேர் பார்த்துட்டுப் போயிடுவாங்க.

அப்ப ஏஜெண்ட் எதுக்கு? என் பார்வையில, "முடியாது"ன்னு சொல்றதுக்கு. நம்ம ஆளுங்களுக்கு முகதாட்சண்யம் ஜாஸ்தி. பங்குனி உத்திரத்துக்குப் பக்கத்துல நின்னு காவடி கட்டினவர் "அண்ணே, இருபதாயிரம் குறைச்சுக்குங்க"ன்னா, நம்ம வாயில இல்லைன்னு வராது. அந்த ஒரு நிமிஷத்துல போற பணம் கமிஷனைவிட அதிகம். இது உங்க குணம்னு தெரிஞ்சா தயங்காம ஆள் வைங்க. வித்த கையோட வேற வீடு வாங்கணும், தேதி முட்டுதுன்னாலும் வைங்க. வீட்டுல படிச்ச பிள்ளை இருக்கு, அவசரமில்ல, விலையில பிடியா நிப்பீங்கன்னா நீங்களே வித்துக்கலாம், தாராளமா.

இப்ப நம்ம மக்களுக்குன்னே இருக்குற சிக்கலுக்கு வர்றேன். 1989ல வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை. புளோக்குல சீனர் விகிதம் 87 விழுக்காட்டைத் தொட்டிருந்தா (வட்டாரத்துக்கு 84), இந்தியரான நீங்க சீனருக்கு விக்க முடியாது. வாங்கக்கூடிய கூட்டத்துல பெரும்பகுதி அங்கேயே கழிஞ்சு போச்சு, விலையும் அதோட இறங்கும். இது நியாயமான்னு கேட்டா, எனக்கு வருத்தம் உண்டு. சேர்ந்து வாழணுங்கிற நோக்கம் சரிதான். ஆனா அதோட செலவு சிறுபான்மை வீட்டுக்காரர் தலையில அதிகமா விழுது.

இந்த மாதிரி வீட்டுக்காரங்கதான் பதறிப்போய் ஏஜெண்டுகிட்ட ஓடுறாங்க. எந்த ஏஜெண்டாலயும் அந்த விகிதத்தை மாத்த முடியாது. உங்க வீட்டை வாங்கக்கூடியவங்க இந்தியர், மலாய்க்காரர் மாதிரி சில பேர்தான். மலாய்க்காரர் விகிதமும் நிரம்பலையான்னு பார்த்துக்கணும். இந்தியர் இந்தியருக்கு விக்க இன விகிதம் தடையே இல்ல. அந்த இந்தியர் எங்க இருக்காரு? கோயில் வாட்ஸ்அப் குழுவுல, தமிழ் வகுப்பு வாசல்ல, தேக்கா சந்தையில. அந்தத் தேடலை உங்களைவிட நல்லா செய்ய யார் இருக்கா? வாங்குறவர் நிரந்தரவாசின்னா, மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்குத் தனி விகிதம் உண்டு, அதையும் பார்க்கணும். எல்லா விகிதமும் மாசாமாசம் முதல் தேதி புதுப்பிக்கப்படும், வீவக தளத்துல தெரியும்.

அப்படியும் போகலையா? 10 வருஷம் சொந்தமா வச்சிருந்து, 6 மாசம் உண்மையா முயற்சி செஞ்சும் விக்க முடியாதவங்களிடமிருந்து வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு 2022லேர்ந்து இருக்கு. அதனால விளம்பரம் போட்ட தேதி, வந்து பார்த்தவங்க விவரம் எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வைங்க.

ஏஜெண்டுதான் வேணும்னா, "கோயில்ல பழக்கம்"ங்கிறது தகுதி ஆகாது. சொத்து முகவர் மன்றத்தோட பொதுப் பதிவேட்டுல அவர் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்க. முடிச்சுக் கொடுத்த வீடுகள் தெரியும். தனி உரிமை ஒப்பந்தம் மூணு மாசத்துக்கு மேல கேட்டா கையெழுத்து வேணாம். வீடு விக்கிற பணம் அவர் கைக்குப் போகவே கூடாது, அது சட்டம். நீங்களே விக்கும்போது வாங்குறவரோட ஏஜெண்ட் வந்து "ரெண்டு பக்கமும் நானே பார்த்துக்கறேன், நீங்க ஒரு விழுக்காடு கொடுங்க"ன்னா, ஒரே ஆள் ரெண்டு பக்கமும் நிக்கக்கூடாதுன்னு சிரிச்சிக்கிட்டே சொல்லிடுங்க.

மூத்தவங்களுக்கு இணையவாசல் புரியலைன்னா வீவக மையம் நம்ம தோ பாயோவிலயே இருக்கு, போய்க் கேக்கலாம். பூஜை முடிஞ்சு எங்ககிட்ட வந்தாலும் உட்கார்ந்து காட்டித் தர்றோம். பிள்ளைங்க ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க. சிங்பாஸ் கடவுச்சொல்லை மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க, எங்ககிட்டயும்தான்.