ஒரு ‘த்’ குறைகிறது

செஞ்சி கூட்டு ரோட்டில் கிரிக்கெட் போட்டிக்கு பேனர் கட்டியிருக்கிறார்கள். இருபது பையன்களின் தலைகள், பின்னால் ராஜகிரி மலை, கீழே கொட்டை எழுத்தில் ‘சகோதரதுவம் வளர்ப்போம்’. ஒரு ‘த்’ காணோம். எனக்கு ஒற்றுப் பைத்தியம் உண்டு. ‘க்’ இல்லாத ‘கோழிகறி’ போர்டுக்காக ஒருமுறை சண்டைக்கே போயிருக்கிறேன். இந்த முறையும் விடவில்லை, பிளெக்ஸ் கடைக்கே போய்க் கேட்டேன்.

“எழுத்து இடிச்சுது சார், ஒண்ணை எடுத்துட்டேன்.”

“அப்படியெல்லாம் எடுக்கக் கூடாது தம்பி” என்றேன். என்னைவிட மூத்தவராம். முறைத்தார்.

தமிழில் இதுதான் தொல்லை. அண்ணனா, தம்பியா என்று வயதைத் தீர்த்துக்கொண்டுதான் வாயைத் திறக்க முடியும். பொதுவாகச் சொல்ல ‘சகோதரன்’ இருக்கிறது. அதற்கு ஒரே வயிற்றில் பிறந்திருக்க வேண்டும். உடன்பிறப்புக்கும் அதே கதி. நிலத்தைப் பிரிக்கும்போது அவனே பங்காளி. வரப்புத் தகராறில் வாய்தாவுக்கு அலைகிறவர்களிடம் இந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டுப் பாருங்கள்.

நம் ஊர்க் கதையில் வயிறும் வேறு, மதமும் வேறு. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி 1714இல் செத்த செஞ்சி ராஜா தேசிங்குக்கு 22 வயது. அவனோடு செத்தவன் மகபத் கான், கதைப்பாட்டில் மோவுத்துக்காரன். கல்யாண வீட்டில் சண்டைச் சேதி கேட்டதும் அப்படியே குதிரை ஏறி வந்துவிட்டானாம். பாட்டுக்காரர்களுக்கு அவன் சிநேகிதன், அவ்வளவுதான். சாவதற்கு அந்த உறவு போதும் என்று விட்டுவிட்டார்கள். 1960இல் ‘ராஜா தேசிங்கு’ படம் எடுத்தவர்களுக்குப் போதவில்லை. சிநேகிதன் ஒருபுறம் இருக்க, எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம் கொடுத்து, தேசிங்குக்கு தாவூத் கான் என்று ஒரு முஸ்லிம் சகோதரனையும் உண்டாக்கிவிட்டார்கள். ரத்த சம்பந்தம் இல்லாத உறவு எடுபடுமா என்று கோடம்பாக்கத்துக்குச் சந்தேகம்! படத்தை எப்போது பார்த்தாலும் அந்த இடத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இதையெல்லாம் டீக்கடை பாயிடம் கொட்டினேன். ‘பாய்’ என்றாலே உருதுவில் உடன்பிறந்தவன். அவரோ என்னைக் கூப்பிடுவது ‘மாமா’. நான் அவரைச் சகோதரன் என்கிறேன், அவர் என்னைப் பெண் கொடுக்கிற முறையில் வைத்திருக்கிறார். இருபது வருஷமாக இருவரும் கவனிக்கவே இல்லை.

“பேனரை விடுங்க மாமா. நேத்திக்கு ரெண்டு டீ பாக்கி” என்றார்.