நோட்டில் ஒரு கடனாளி

நண்பனின் லோனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான் மச்சி" என்று டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டிருப்பானே! கவலைப்படாதீர்கள். உங்கள் கட்சியில் சர் வால்ட்டர் ஸ்காட் என்று ஒரு பெரியவர் இருக்கிறார்.

1771-ல் எடின்பரோவில் பிறந்தவர். குழந்தையிலேயே போலியோ வந்து வலது கால் ஊனம். அப்பா வக்கீல். பையனும் 1792-ல் கறுப்பு கவுன் மாட்டினார். ஆனால், மனசு கட்சிக்காரர்களிடம் இல்லை. ஊர் ஊராகப் போய் கிராமத்து ஜனங்கள் பாடும் பழைய கதைப்பாட்டுகளைச் சேகரித்தார். இடித்துப் போட்ட பழைய ஜெயிலின் கதவைக்கூட விடாமல் கொண்டுவந்து தன் வீட்டுச் சுவரில் பதித்தார் (மிஸஸ் ஸ்காட் என்ன சொன்னாரோ!). 1818-ல் எடின்பரோ கோட்டையில், 1707-லிருந்து பூட்டிக் கிடந்த பெட்டியைத் திறந்து ஸ்காட்லாந்து மன்னர்களின் கிரீடத்தைக் கண்டெடுத்த குழுவிலும் ஐயா இருந்தார்.

1806 முதல் கோர்ட்டில் க்ளார்க் உத்தியோகம். பகலில் ஆபீஸ். ஆகவே, விடிகாலையில் எழுந்து எழுதினார். 1814-ல் 'வேவர்லி' நாவல் வந்தது, பெயர் போடாமல்! கோர்ட் அதிகாரி கதை எழுதுவது கௌரவக் குறைச்சலாம். புத்தகம் சக்கைப்போடு போட்டது.

அப்புறம்தான் சறுக்கல். நண்பரின் அச்சகத்தில் இவர் ரகசியப் பார்ட்னர். பதிப்பாளரும் அச்சகமும் ஒருவருக்கொருவர் மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போட்டுக் கடன் வாங்கியிருந்தார்கள். இவரும் முழு அப்பாவி இல்லை. இன்னும் எழுதாத நாவலுக்கெல்லாம் பணம் வாங்கி மாளிகையிலும் நிலத்திலும் கொட்டியவர்தான். 1826 ஜனவரியில் பதிப்பாளர் கவிழ்ந்தார், கூடவே அச்சகமும். இவர் தலையில் சுமார் 1,20,000 பவுண்டு! வயசு 54. அதே வருஷம் மே மாசம் மனைவியும் இறந்துபோனார்.

பேசாமல் மஞ்சக் கடுதாசி கொடுத்திருக்கலாம். மாட்டேன் என்றார். கடன்காரர்களிடம் அவகாசம் மட்டும் கேட்டார். டவுன் வீட்டை விற்றார். உட்கார்ந்தார், எழுதினார். நெப்போலியன் வரலாறு மட்டும் ஒன்பது வால்யூம். அசந்துபோன கடன்காரர்கள், 1830-ல் அவருடைய புத்தகங்களையும் பழம்பொருட்களையும் அவருக்கே கொடுத்துவிட்டார்கள். பக்கவாதம் வந்தது. அப்போதும் பேனாவை விடவில்லை. 1832-ல் காலமானார். மிச்சக் கடனை இன்ஷூரன்ஸ் பணமும் புத்தக உரிமைகளும் சேர்ந்து அடைத்தன.

ஒரு வேடிக்கை. திவாலான அதே 1826-ல், சின்ன மதிப்பு நோட்டுகளை ஒழிக்க லண்டன் சர்க்கார் கிளம்பியது. புனைபெயரில் பத்திரிகைக்குக் காரசாரமாக லெட்டர் போட்டுத் தடுத்தவர்களில் முக்கியமானவர் ஸ்காட். நன்றி மறக்காத பாங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, தன் நோட்டில் அவர் முகத்தைப் போடுகிறது.

கடன் வாங்கியவன் படம் பாங்க்கில் தொங்குவது சகஜம். பாங்க் நோட்டிலேயே வருவதற்கு, கொஞ்சம் நாணயம் வேண்டும் ஸார்!