ஆண்மை என்னும் சொல்லும் ஒரு நோயும்

சொற்கள் நோயைக் குணப்படுத்துவதில்லை. ஆனால் நோயாளியை மருத்துவரிடம் போகவிடாமல் தடுக்க ஒரு சொல்லால் முடியும். ‘ஆண்மைக்குறைவு’ அத்தகைய சொல். உறவுக்குத் தேவையான விறைப்பு ஏற்படாமலோ, ஏற்பட்டும் நிலைக்காமலோ போவதைத் தமிழில் இப்படித்தான் குறிக்கிறோம். விந்தணுக்கள் குறைவாக இருப்பதற்கும் இதே சொல்தான். இரண்டும் வெவ்வேறு. விறைப்பில் எந்தக் குறையும் இல்லாத ஒருவரிடம் விந்தணுவே இல்லாதிருக்கலாம். இந்தக் குழப்பத்தின் சுமை பெண்கள்மீதுதான் இறங்குகிறது. குழந்தை இல்லாத வீடுகளில் மனைவி பரிசோதனைக்குப் பின் பரிசோதனையாக அலைந்துகொண்டிருக்க, கணவன் ஒரு எளிய சோதனைக்குக்கூட மறுத்துவிடுகிறான். அவனைப் பொறுத்தவரை அது மருத்துவச் சோதனை அன்று. தன் ஆண்மைமீது சொல்லப்படவிருக்கும் தீர்ப்பு.

நம் பழைய இலக்கியத்தில் ஆண்மைக்கு இவ்வளவு குறுகிய பொருள் இல்லை. பிறன் மனைவியை விழையாதிருப்பதை வள்ளுவர் பேராண்மை என்றார். தான் பிறந்த குடியைப் பொறுப்பேற்று உயர்த்துவதை நல்லாண்மை என்றார். விருந்தினரைப் பேணும் உதவிக்கு அவரிடம் வேளாண்மை என்று பெயர். ஆளும் தன்மை, பொறுப்பேற்கும் தன்மை என்று விரிந்திருந்த ஒரு சொல்லை, இன்று ஓர் உறுப்பின் இரத்த ஓட்டத்தோடு கட்டிப்போட்டிருக்கிறோம்.

இரத்த ஓட்டம் என்பது உவமை அன்று. தூண்டல் ஏற்படும்போது நரம்பு நுனிகளிலிருந்தும் குருதிக்குழாய்ச் சுவர்களிலிருந்தும் நைட்ரிக் ஆக்சைடு வெளிப்படுகிறது. தமனிகள் தளர்ந்து விரிகின்றன. பஞ்சு போன்ற திசுவில் இரத்தம் நிறைகிறது. அது வெளியேறும் வழிகள் அழுத்தத்தால் அடைபடுகின்றன. விறைப்பு என்பது இவ்வளவுதான். குருதிக்குழாய்களில் இவ்வாயு ஆற்றும் பணியைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராத் ஆகிய மூவருக்கும் 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. வயாகரா என்ற பெயரில் சில்டெனாஃபில் விற்பனைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். அம்மருந்து முதலில் ஆராயப்பட்டது இதய நோயால் வரும் நெஞ்சுவலிக்காக.

இதயத்துக்கும் இதற்கும் உள்ள உறவு அத்தோடு முடிவதில்லை. ஆணுறுப்பின் தமனி ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. இதயத் தமனி 3 முதல் 4 மில்லிமீட்டர். குழாய்களில் கொழுப்புப் படியத் தொடங்கினால் குறுகலானது முதலில் சிரமப்படும். ஆகவே நடுவயதில் தோன்றும் விறைப்புக் குறைபாடு, சில ஆண்டுகள் கழித்து வரக்கூடிய மாரடைப்பின் முன்னறிவிப்பாக இருக்கலாம். நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் புகையும் குடியும் இதற்குக் காரணமாகின்றன. சில மாத்திரைகளாலும் இது நேர்வதுண்டு. இளைஞர்களிடம் பெரும்பாலும் அச்சமும் பதற்றமும்தான் காரணம். உறக்கத்திலும் விடியலிலும் விறைப்பு இயல்பாக ஏற்படுகிறதென்றால் உடல் சரியாக இருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

உடல் தரும் இந்த எச்சரிக்கையைப் படிக்க வேண்டியவர் மருத்துவர். நம் ஆண்களோ அதை எடுத்துக்கொண்டு போவது, ‘வாலிப, வயோதிக அன்பர்களே’ என்று விளிக்கும் வைத்தியர்களிடம். ஊர் ஊராக விடுதி அறைகளில் முகாமிடும் இவர்கள் விற்பது மருந்தை அன்று, வெட்கத்தை. பாலியல் ஆற்றலைப் பெருக்குவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. விளம்பரங்கள் நின்றபாடில்லை. இதன் விலை பணம் மட்டுமல்ல. சிங்கப்பூரில் 2008இன் முதல் ஐந்து மாதங்களில், நீரிழிவே இல்லாத 150 பேர் இரத்தச் சர்க்கரை அபாயகரமாகக் குறைந்து மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர், நால்வர் இறந்தனர். கள்ளத்தனமாக விற்கப்பட்ட வீரிய மருந்துகளில் நீரிழிவு மாத்திரையின் மூலப்பொருள் கலந்திருந்தது. ‘மூலிகை’ மாத்திரைகளில் சில்டெனாஃபிலை ஒளித்துக் கலப்பதும் பல நாடுகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் உட்கொள்பவர் அறியாமல் அதை விழுங்கினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.

ஆங்கிலத்தில் இதற்கு முன்பு வழங்கிய சொல்லும் வலிமையின்மை என்றே பொருள்பட்டது. 1992இல் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு அதைக் கைவிட்டு, செயல்பாட்டை மட்டும் சுட்டும் பெயரைப் பரிந்துரைத்தது. தமிழில் ‘விறைப்புக் குறைபாடு’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. அதில் இகழ்ச்சி இல்லை. எழுதுகிறவர்களும் இதழ் நடத்துகிறவர்களும் இனி இதைப் புழங்கத் தொடங்கலாம். சர்க்கரை நோயைப் பற்றி நம் வீடுகளில் யாரும் தலைகுனிந்து பேசுவதில்லை. அதே சர்க்கரையால் வரும் இன்னொரு குறைபாட்டைப் பற்றி மட்டும் கணவனும் மனைவியும் ஏன் இருட்டில் மௌனமாகப் படுத்திருக்க வேண்டும்?