மலை இல்லாத ஊரில் மவுண்டன் பைக்

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களிடம், ஞாயிற்றுக்கிழமை காலை ‘மவுண்டன் பைக்’ ஓட்டப் போகிறேன் என்று சொன்னால் தவறாமல் ஒரு கேள்வி வரும். “சிங்கப்பூர்ல மலை எங்கே இருக்கு?”

நியாயமான கேள்விதான். நமது ஆக உயரமான இயற்கைக் குன்றான புக்கிட் தீமாவே 164 மீட்டரைத் தொடவில்லை. டக்ஸ்டனில் நிற்கும் 50 மாடி வீவக குடியிருப்பின் உயரம் 156 மீட்டர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் குன்று ஏழெட்டு மீட்டரில்தான் ஜெயிக்கும்.

ஆனால் மவுண்டன் பைக் ஓட்ட, மேடு பள்ளமாக ஒரு மண் பாதை இருந்தால் போதும். அதில் கொஞ்சம் வேர், கொஞ்சம் கல், நாலைந்து திருப்பம். புக்கிட் தீமா இயற்கை வனப்பகுதியைச் சுற்றி அப்படியொரு பாதை உண்டு. அதற்கு எதிர்ப்புறம், விரைவுச்சாலையைத் தாண்டினால் செஸ்நட் இயற்கைப் பூங்கா. படகேறத் தயார் என்றால் புலாவ் உபினில் கேத்தாம் மவுண்டன் பைக் பூங்கா. இன்னும் ஒன்றிரண்டு சேர்த்தாலும் ஒரு கை விரல்களுக்குள் கணக்கு முடிந்துவிடும். பத்தாண்டுகளாக இவற்றையேதான் சுற்றிச் சுற்றி வருகிறேன்.

சலிக்கவில்லையா என்று அலுவலக நண்பர்கள் கேட்கிறார்கள். சாலையில் ஓட்டுபவர்களுக்குக் கிலோமீட்டர் கணக்கு. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலிருந்து சாங்கிவரை போய்வந்தேன், இத்தனை மணி நேரம் ஆனது என்று சொல்வார்கள். மண் பாதையில் கணக்கே வேறு. போன மாதம் ஒரு மேட்டில், குறுக்கே கிடக்கும் வேரின் மேல் ஏற முடியாமல் காலை ஊன்றினேன். இந்த மாதம் ஊன்றவில்லை. அவ்வளவுதான் அந்த வாரத்தின் சாதனை. அதைச் சொன்னால் வீட்டில் யாருக்கும் புரியாது. இருந்தாலும் திங்கட்கிழமை காலை எம்ஆர்டியில் நிற்கும்போது அந்த வேர் நினைவுக்கு வந்து சிரிப்பு வரும்.

அந்த வேரை எப்படித் தாண்டுவது என்று கொஞ்சம் விளக்கிச் சொல்ல ஆசை. இதுவரை பூங்கா இணைப்புப் பாதையில் மட்டும் ஓட்டியவர்களுக்கு இது பயன்படும்.

முதலில் காற்று. சாலைச் சைக்கிளின் மெல்லிய டயரில் கல் மாதிரிக் காற்றடிப்போம். மவுண்டன் பைக் டயர் இரண்டு அங்குலத்துக்கும் மேல் அகலம். அதில் 25 முதல் 30 பிஎஸ்ஐ இருந்தால் போதும், சிறுவர்களுக்கு இன்னும் குறைவு. டயர் சற்றுத் தளர்வாக இருந்தால்தான் வேரின் மேல் படிந்து பிடிக்கும். இறுக்கமாக இருந்தால் பந்து மாதிரித் துள்ளும். முதல் நாள் வந்துவிட்டு “எலும்பெல்லாம் ஆடுது” என்று திரும்பிப் போகிற பலருக்கு மாற்ற வேண்டியது காற்று மட்டும்தான்.

அடுத்தது உட்காரும் விதம். இறக்கத்தில் உட்காரவே கூடாது. இருக்கையைத் தாழ்த்திவிட்டு, இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, முழங்காலும் முழங்கையும் மடங்கி, எழுந்து நிற்க வேண்டும். சைக்கிள் கீழே என்ன குதி குதித்தாலும் கையும் காலும் அதை வாங்கிக்கொள்ளும். மேட்டில் இதற்கு நேர்மாறு: உட்கார்ந்தே மிதிக்க வேண்டும். எழுந்தால் பின் சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து அது வழுக்கிச் சுழலும். கியரை மேடு தொடங்குவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். பாதி ஏற்றத்தில் மாற்றினால் சங்கிலி போடும் சத்தம் காட்டில் உள்ள குரங்குகளுக்கெல்லாம் கேட்கும்.

கடைசியாகக் கண். இதுதான் ஆகக் கடினம். எதைப் பார்க்கிறோமோ அங்கேதான் சைக்கிள் போகும். கல்லைப் பார்த்து, “ஐயோ, கல்லு” என்று நினைத்தால் நேராகக் கல்லின் மேல்தான் ஏறுவோம். கல்லுக்கு அப்பால் போக வேண்டிய இடத்தைப் பார்த்தால் கை தானாகவே திரும்பும். புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வதும் இதைத்தான், பத்தாவது முறை சொல்வதும் இதைத்தான்.

என் அக்கா மகளுக்கு வயது 12. போன ஆண்டு பள்ளி விடுமுறையில் செஸ்நட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே பயிற்சிக்கென்றே மண்ணால் அலையலையாக மேடு கட்டிய ஒரு தடம் இருக்கிறது. உடம்பை ஏற்றி இறக்கியே, பெடல் மிதிக்காமல் அதைச் சுற்றி வரலாம். இரண்டாவது வாரமே அவள் அதை விட்டுவிட்டுக் காட்டுப் பாதைக்குப் போக வேண்டும் என்றாள். அன்றிலிருந்து ஞாயிறு காலை ஏழு மணிக்கு எனக்கு ஒரு கூட்டாளி.

இந்த ஆண்டு சிக்கல் வந்தது. காரணம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான்: பிஎஸ்எல்இ.

“தம்பி, பரீட்சை முடியற வரைக்கும் இதெல்லாம் வேணாம். கையை உடைச்சிக்கிட்டா எப்படி எழுதுவா?” என்றார் அக்கா.

“லெஃப்ட் ஹேண்ட் உடைஞ்சா எழுதலாம்மா” என்று அவள் இடையில் புகுந்தது என் தரப்பு வாதத்துக்கு உதவவில்லை.

அக்காவின் பயத்தை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. மண் பாதையில் விழாமல் யாரும் ஓட்டியதில்லை. தலைக்கவசம், கையுறை, முழங்கை முழங்கால் கவசங்கள் எல்லாம் போட்டாலும் சிராய்ப்பு வரும். எப்போதாவது எலும்பு முறிவும் உண்டு. “ஒண்ணும் ஆகாது” என்று எந்தப் பெற்றோரிடமும் நான் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக, “ஒரு நாள் வந்து பாருங்க” என்றேன்.

வந்தார். சைக்கிளில் இல்லை, நடந்து. செஸ்நட்டில் நடப்பவர்களுக்கு ஒரு பாதை, சைக்கிளுக்குத் தனியாக 8 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பாதை. 81 ஹெக்டர் பூங்கா அது. 2016லும் 2017லும் இரண்டு கட்டங்களாகத் திறந்தார்கள். பாதைகளைப் பிரித்து வைத்த அந்த ஒரு முடிவுக்காகவே, திட்டமிட்டவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். வளைவில் திரும்பும்போது எதிரே ஒரு பாட்டியும் பேரனும் நின்றால் இரு தரப்புக்கும் எப்படித் தூக்கிவாரிப் போடும் என்பது பொதுப் பாதைகளில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

இரண்டு பாதைகளும் நெருங்கி வரும் ஓரிடத்தில் அக்கா நின்றுகொண்டார். அங்கேதான் அவள் மூன்று வாரமாக ஏற முடியாமல் தவித்த மேடு. முதல் முறை வேரில் சக்கரம் முட்டி நின்றது. இறங்கி, சைக்கிளைக் கீழே உருட்டிக்கொண்டு போய், மறுபடியும் வந்தாள். இரண்டாவது முறை பக்கவாட்டில் சாய்ந்தாள், முழங்கையில் மண். அக்கா ஓர் அடி முன்னால் எடுத்து வைத்தார், ஆனால் கூப்பிடவில்லை. மூன்றாவது முறையும் கால் ஊன்றினாள். நான்காவது முறை போவதற்கு முன் சற்று நேரம் பேசாமல் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். வந்தாள், முன்சக்கரத்தை லேசாகத் தூக்கினாள், ஏறிவிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் வளைவில் மறைந்தும் போனாள்.

“யாரும் சொல்லாம தானாவே திரும்பத் திரும்பப் போறா” என்றார் அக்கா. சற்றுப் பொறுத்து, “கணக்குப் புத்தகத்தை மட்டும் ஒரு தடவை தப்பா வந்தா மூடி வெச்சிடறா.”

சைக்கிள் ஓட்டினால் கணக்கு வரும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படி முடிச்சுப் போட்டுவிட்டால் அடுத்த வாரமே அதுவும் ஒரு துணைப்பாட வகுப்பு ஆகிவிடும். நாங்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம்: தேர்வு முடியும்வரை ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, ஏழிலிருந்து ஒன்பது மணிவரை, குதிக்கும் தடங்கள் கூடாது, பத்தரை மணிக்குத் துணைப்பாடம். ஒருவருக்கும் முழு திருப்தி இல்லை. அவள் நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் நம் ஊர்ப் பாதையைப் பற்றிப் பேச முடியாது. நேற்றுவரை பிடி கொடுத்த வேர், ஒரு மழை பெய்ததும் சோப்புக்கட்டி ஆகிவிடும். குறுக்காகச் சாய்ந்து கிடக்கும் வேர்தான் ஆக மோசம். அதைச் செங்கோணத்தில் தாண்ட வேண்டும். அதன் மேல் இருக்கும்போது பிரேக்கைத் தொடவே கூடாது. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பல வாரங்கள் நான் போவதே இல்லை. வழுக்கும் என்பது பாதிக் காரணம். ஈர மண்ணில் சக்கரம் பதித்த கோட்டில் அடுத்த மழையின் தண்ணீர் ஓடும். கோடு வாய்க்கால் ஆகும். ஓரிரு மாதத்தில் பாதையே அரித்துப் போகும். பெருமழை பெய்தால் ஓரிரு நாள் பொறுத்துப் போவது நல்லது. தூரத்தில் இடி கேட்டால் யோசிக்காமல் வெளியே வந்துவிட வேண்டும்.

மழைக்கு மறுநாள் வெயில் ஏறும்போது காடு இருக்கும் அழகு தனி. புக்கிட் தீமா பாதையில் விரைவுச்சாலையின் இரைச்சல் ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே இருக்கும். மறு பக்கம் சிள்வண்டு. இரண்டுக்கும் நடுவில் நாம் மூச்சிரைக்க மிதித்துக்கொண்டிருப்போம். நீண்டவால் குரங்குகள் வேடிக்கை பார்க்கும். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டால் வேடிக்கை பார்ப்பதோடு நிற்காது. சாப்பாட்டை முதுகுப்பைக்குள் வையுங்கள்.

கேத்தாம் என்றால் மலாயில் நண்டு. உபின் தீவில் பழைய கருங்கல் குழியைச் சுற்றி 2008ல் அமைத்த பூங்கா அது. பனிச்சறுக்குத் தடங்களில் உள்ளதுபோல் குறியீடுகள் வைத்திருக்கிறார்கள்: நீலச் சதுரம் என்றால் நடுத்தரம், கறுப்பு வைரம் என்றால் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் என்றால் தேர்ந்தவர்களுக்கு. அந்தப் பலகைகளை நம்புங்கள். நண்பர்கள் கூட்டமாகப் போகும்போது, ஒருவர் இரட்டை வைரத்தில் இறங்கிவிட்டார் என்பதற்காக மற்றவர்களும் பின்னால் போவதைப் பார்த்திருக்கிறேன். மேட்டில் ஏறி நின்றால் கல் வெட்டிய குழியில் பச்சையாகத் தண்ணீர் தேங்கி நிற்பது தெரியும். நம் உட்லண்ட்ஸ் கடற்பாலம் கட்ட இந்தத் தீவிலிருந்தும் கருங்கல் போயிருக்கிறது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு உபின்தான் என் பரிந்துரை. பாதையில் ஓட்ட விருப்பமில்லாதவர்கள் கிராமத்துச் சாலையில் வாடகைச் சைக்கிளில் சுற்றலாம். அதிர்ஷ்டம் இருந்தால் இருவாச்சியைப் பார்க்கலாம்.

விலை உயர்ந்த சைக்கிள் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. இந்த விளையாட்டு வளர்ந்தது 1970களில், கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில். சில இளைஞர்கள் கடற்கரையில் ஓட்டும் பழைய கனமான சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் இறங்கினார்கள். கீழே வருவதற்குள் பின்சக்கர பிரேக்கில் இருக்கும் கிரீஸ் சூட்டில் ஆவியாகிவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டும். அதனாலேயே 1976ல் அங்கே தொடங்கிய பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. இருபது ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது ஒரு போட்டியாகிவிட்டது. நமக்கு முன்பக்கம் மட்டும் அதிர்வு தாங்கி உள்ள, கைமாறிய சைக்கிள் ஒன்று தாராளமாகப் போதும். பிரேக் மட்டும் நல்லதாக இருக்கட்டும்.

எனக்கு உள்ளூரக் கவலை தருவது வேறு. 2010 இளையர் ஒலிம்பிக்கின் சைக்கிள் போட்டிகள் டெம்பனிஸ் பைக் பூங்காவில் நடந்தன. எத்தனையோ பேர் ஓட்டக் கற்றுக்கொண்ட இடம். 2014ல் மூடிவிட்டார்கள், வீடு கட்ட நிலம் வேண்டும். குடியிருக்க வீடு வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? அதே சமயம், இருக்கிற நாலு பாதையும் என்றைக்கும் இருக்கும் என்று நினைத்துக்கொள்ளவும் முடியாது. அதனால்தான் சிலர் காட்டுக்குள் தாங்களாகவே வழி வெட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. வனப்பகுதியில் குறித்த பாதையை விட்டு விலகி ஓட்டுவது சட்டப்படி குற்றம். அதைவிட, நாற்றுகளை மிதித்துப் போன ஒரு சக்கரத் தடம், நம் எல்லாரையும் வெளியே அனுப்ப ஒரு காரணமாகிவிடும்.

போக நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். செஸ்நட்டும் புக்கிட் தீமாவும் காலை 7 முதல் இரவு 7 மணிவரைதான். மரங்களுக்கு அடியில் ஆறரைக்கே இருட்டிவிடும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஓர் உபரி டியூப், சிறிய பம்ப், கொசு மருந்து. இதுவும் பயமாக இருந்தால், தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீளும் பழைய ரயில் பாதையில் தொடங்குங்கள். ரயில் போன வழி என்பதால் பெரும்பாலும் சமதளம். உபினுக்குச் சாங்கி முனையில் படகு. 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும், சைக்கிளுக்குத் தனிக் கட்டணம். மாலைவரை தங்காமல் திரும்பிவிடுங்கள், எல்லாரும் ஒரே நேரத்தில்தான் படகுத்துறைக்கு வருவார்கள்.

மின்தூக்கியில் ஏறுவதற்கு முன் டயரிலிருக்கும் மண்ணைத் தட்டிவிடுங்கள். எங்கள் புளோக்கில் எட்டாவது மாடி வரை சிவப்பாக ஒரு கோடு போயிருந்தது. இன்னும் யாரென்று கண்டுபிடிக்கவில்லை. ஆனால் துப்புரவு செய்யும் பெரியவர் இப்போதெல்லாம் என் சைக்கிளைச் சற்று அதிக நேரம் பார்க்கிறார்.