புற்றுநோய் மாத்திரைக்கும் பத்தியம் உண்டு

நாட்டு மருந்தென்றால் பத்தியம் உண்டு என்பது நாம் அறிந்ததே. புளி ஆகாது, கருவாடு ஆகாது என்று பாட்டிமார் சொல்லக் கேட்டு நடந்தவர்கள்தாம் நாம். ஆனால் ஆஸ்பத்திரி மாத்திரைக்குப் பத்தியம் ஏது என்று எண்ணிவிடுகிறோம். ஜாசின், அலோர் காஜா தோட்டங்களிலும் சரி, பிள்ளைகள் குடிபெயர்ந்துவிட்ட மலாக்கா பட்டணத்து அடுக்கு வீடுகளிலும் சரி, இந்த எண்ணம் மாற வேண்டும்.

பம்பளிமாஸை எடுத்துக்கொள்வோம். சீனப் பெருநாள் வந்தால் நம் வீட்டுக்கும் வரும் பழம். நோயாளிக்குக் குளிர்ச்சி என்று உரித்துக் கொடுக்கிறோம். இதன் நெருங்கிய உறவு கிரேப்புரூட். கனடாவில் டேவிட் பெய்லி என்ற ஆராய்ச்சியாளர், இரத்த அழுத்த மாத்திரை பற்றிய ஒரு சோதனையில், மதுவின் சுவை தெரியாதிருக்க அந்தப் பழச்சாற்றைக் கலந்து கொடுத்தார். மாத்திரை இரத்தத்தில் பன்மடங்கு ஏறிவிட்டது. 1989இல் இது வெளிவந்தது. குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியொன்றைப் பழம் முடக்கிவிடுகிறது. பம்பளிமாஸிலும் அந்தச் சரக்கு உண்டு. காலையில் பழம், இரவில் மாத்திரை என்று தள்ளிச் சாப்பிட்டாலும் தப்பில்லை என்று எண்ண வேண்டாம். ஒரு டம்ளரின் வேலை ஒரு நாளுக்கு மேலும் நிற்கும். புற்றுநோய் மாத்திரைகள் பலவற்றையும் சிதைப்பது அதே நொதிதான். அளவு மிஞ்சினால் மருந்தே நஞ்சு.

இன்னொன்று. ஒருவகை இரத்தப் புற்றுக்கு இமாட்டினிப் கொடுக்கிறார்கள். அதைச் சாப்பாட்டோடு, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்க வேண்டும். அதே நோய்க்கு நிலோட்டினிப் காப்ஸ்யூல் கொடுத்தால், முன்னே இரண்டு மணி, பின்னே ஒரு மணி நேரம் வயிறு வெறுமையாக இருக்க வேண்டும். தவறினால் இதயத் துடிப்பு கெடலாம். அடுத்த லயத்துக்காரர் சொன்ன பத்தியம் நமக்கு உதவாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

டுரியான் பெலண்டா இலைக் கஷாயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புற்றைக் கரைக்கும் என்று காதோடு காதாகப் பரவுகிறது. மனிதரில் அப்படி நிரூபணமாகவில்லை. குவாடலூப் தீவில் அதன் பழத்தையும் இலைத் தேநீரையும் வழக்கமாக உண்டவர்களிடம் நடுக்குவாதம் போன்ற நோய் காணப்பட்டதாக 1999இல் ஆராய்ச்சி வெளிவந்தது. சந்தையில் விற்கும் சில ஜாமு பொட்டலங்களில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சே பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது.

மீன் ஆகாது, முட்டை ஆகாது என்று நோயாளியை வெறும் கஞ்சியில் போடுகிறவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. சிகிச்சை தாங்க உடம்பில் தெம்பு வேண்டாமா?

இவற்றையெல்லாம் டாக்டரிடம் மறைக்கிறோம், திட்டு விழுமென்று. மறைப்பவரை மட்டும் குறைகூற மாட்டோம். மருந்து கொடுக்கும் ஜன்னலில், "வேறென்ன சாப்பிடுகிறீர்கள், அம்மா?" என்று புரியும் மொழியில் கேட்க ஆள் வேண்டும். மாத்திரைப் பையில் தமிழில் இரண்டு வரி வேண்டும். இதைச் சங்கம் கேட்டே தீரவேண்டும்.

அதுவரை, எழுத்தறிந்த கிராணித் தம்பிமாரே, நோயாளியோடு நீங்கள் போங்கள். வீட்டிலுள்ள கஷாயப் பொட்டலம், கடைமாத்திரை, எண்ணெய்ப் புட்டி அத்தனையையும் ஒரு பையில் போட்டு, அந்த ஜன்னல் மேல் வையுங்கள்.