ரத்தத்துக்கு ஸ்தோத்திரம் சொல்லாதீர்கள்

தீபாவளி முடிந்த கையோடு எங்கள் பக்கம் பட்டாசு ஆலைகள் பூட்டிக் கிடக்கும். மருந்து நெடி இல்லாத சில வாரங்கள் அவை. ஜெபக்கூட்டத்துக்கு ஆள் சேருவதும் அப்போதுதான். உபத்திரவப்படும் கிறிஸ்தவர்களுக்காக உலகமெங்கும் சபைகள் ஜெபிக்கிற ஞாயிறும் நவம்பரில்தான் வரும். அப்படி ஒரு ராத்திரி, சிவகாசியில் எங்கள் தெருவில் போட்ட பந்தலில் உட்கார்ந்திருந்தேன். வெளியூரிலிருந்து வந்திருந்த பிரசங்கியார் வட கொரியா, நைஜீரியா, ஒடிசா என்று சொல்லிக்கொண்டே போனார். பிறகு குரலை உயர்த்தினார். அடிக்க அடிக்கச் சபை பெருகும், ரத்தசாட்சிகளின் ரத்தம் சபைக்கு விதை, ஆகவே உபத்திரவத்துக்காக எல்லாரும் கையை உயர்த்தி ஸ்தோத்திரம் சொல்லுங்கள் என்றார். பந்தல் அதிர்ந்தது. என் பக்கத்தில் இருந்தவள் மட்டும் மடியிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் வீட்டுக்காரர் பட்டாசு ஆலையில் மருந்து அறையில் வேலை பார்த்தவர். ஒரு விபத்தில் போனார். கூட்டம் கலைந்து செருப்பைத் தேடும்போது கேட்டாள்: “அந்தச் செத்துப்போனவங்க பிள்ளைகள இப்ப யாருக்கா பாத்துக்கிறாங்க? அவரு அதச் சொல்லவே இல்லையே.”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஞாயிறு பள்ளியிலிருந்து அந்த ‘விதை’ப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவள் நான், பிள்ளைகளுக்கு நானே சொல்லியும் கொடுத்திருக்கிறேன். இப்போது சொல்கிறேன்: அது பொய். நாம் ஜெபத்தில் சொல்லும் பொய்களிலேயே அதுதான் கொடியது, ஏனென்றால் அதைச் சொன்னபின் வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை.

இந்தப் பேச்சின் மூலம் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன். சுமார் கி.பி. 197இல் ரோம ஆட்சியாளர்களை நோக்கி அவர் ஒரு நூல் எழுதினார். அது பிரசங்கம் அல்ல, முறையீடு. குற்றத்தை விசாரிக்காமல் பெயரை மட்டும் வைத்துக் கிறிஸ்தவர்களைத் தண்டிக்கிறீர்களே, இது என்ன நீதி என்று சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட நூல். அதன் முடிவில், கொல்கிறவர்களின் முகத்துக்கு நேராக, எங்களை அழிக்க உங்களால் ஆகாது என்ற வீறாப்பில் வந்த சொல் அது. முறையீடு முழுவதையும் உதறிவிட்டு அந்த ஒரு சொல்லை மட்டும் நாம் எடுத்துக்கொண்டோம். கொலைகாரனைப் பார்த்துச் சொன்னதை, செத்தவன் பெண்சாதியைப் பார்த்துச் சொல்கிறோம். அந்தக் கார்த்தேஜ் சபை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. ஆயிரம் வருஷத்துக்குள் அது இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

ஜப்பானைப் பாருங்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே லட்சக்கணக்கில் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். 1597இல் நாகசாகியில் 26 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். 1614இல் விசுவாசத்துக்கே தடை. அதன்பின் இரண்டரை நூற்றாண்டு தேடித்தேடி அழித்தார்கள். 1865இல் ஒரு சிறு கூட்டம் ஒளிந்திருந்து வெளியே வந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் கண் கலங்கும். ஆனால் இன்று ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். அத்தனை ரத்தம் எங்கே முளைத்தது? 2014இல் ஈராக்கின் மோசூல் நகரத்துக் கிறிஸ்தவர்கள் உடுத்திய துணியோடு ஓடினார்கள். ஆயிரத்து அறுநூறு வருஷம் பூசை நடந்த ஊரில் மணிச்சத்தம் நின்றது. சீனாவைச் சொல்வார்கள், எனக்குத் தெரியும். அங்கே வீடுகளுக்குள் விசுவாசம் உயிரோடு இருந்தது உண்மை. அது பெருகிப் பொங்கியது 1979க்குப் பிறகு, பூட்டிய ஆலயங்கள் திறக்கத் தொடங்கிய பிறகு. கழுத்திலிருந்து கையை எடுத்ததும் மூச்சு வந்தது. நெரித்த கைக்கு அதற்காக நன்றி சொல்வதா?

தீயைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடியில் ஏறத்தாழ 40 பேர் போனார்கள். அவர்களில் பலர் புகையைப் பார்த்து உதவிக்கு ஓடியவர்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். தீக்காயப் பிரிவில் வாழை இலையில் கிடத்தியிருக்கும் உடம்பைப் பார்த்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸ் தன் இரண்டு பையன்களோடு, பத்து வயது பிலிப், ஆறு வயது திமோத்தேயு, வண்டிக்குள் எரிக்கப்பட்டார் என்ற செய்தி வந்தபோது, பூட்டிய இடத்துக்குள் தீ என்ன செய்யும் என்று எங்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய மனைவி கிளாடிஸ் கொலைகாரர்களை மன்னித்தார். மன்னித்தார் என்றால் அது குற்றம் என்று அவருக்குத் தெரியும் என்று அர்த்தம். விதைப்புக்கு யார் மன்னிப்புக் கொடுப்பார்கள்? ரத்தம் விதையென்றால் கொளுத்தினவன் விதைத்தவனாகிறான். கொலைகாரனைக் கர்த்தருடைய வயலில் கூலியாளாக்குகிறோம். ஆறு வயதுப் பிள்ளையை உரமாக்குகிறோம்.

வெடி விபத்து நடந்த மறுநாள் எங்கள் ஊரிலும் ஒரு பேச்சு கிளம்பும். தொழில்னா அப்படித்தான், அவங்க விதி. ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியை மீறியது யார் என்ற கேள்வியை அந்தப் பேச்சு மூடிவிடும். ‘விதை’ப் பேச்சும் அதே வேலையைத்தான் செய்கிறது. சாவை இயற்கையாக்கிவிட்டால் யாரும் பொறுப்பில்லை.

வேதத்தில் இல்லையா என்பார்கள். ஸ்தேவானைக் கல்லெறிந்த பிறகு சிதறிப்போனவர்கள் எங்கும் போய்ப் பிரசங்கித்தார்களே, சபை வளர்ந்ததே? அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தை முதலிலிருந்து வாசியுங்கள். சிதறினவர்கள் பிரசங்கித்த செய்திக்கு முன்னால், பக்தியுள்ளவர்கள் ஸ்தேவானை எடுத்து அடக்கம்பண்ணி, அவனுக்காக மிகவும் துக்கித்த செய்தி நிற்கிறது. அழுகைதான் முதலில். ஸ்தோத்திரம் சொன்னதாக லூக்கா எழுதவில்லை. பிரசங்கித்தவர்கள் யார்? தப்பி ஓடி உயிர் பிழைத்தவர்கள். அப்படிச் சிதறினவர்களால் உண்டான அந்தியோகியா சபை செய்ததாக எழுதப்பட்ட முதல் காரியங்களில் ஒன்று, பஞ்சம் வருகிறது என்று கேட்டதும் யூதேயாவுக்குப் பணம் சேர்த்து அனுப்பியது. பேதுரு சிறையில் இருந்தபோது சபை ஊக்கமாக ஜெபித்தது, சங்கிலி கழன்றது. சங்கிலிக்காக யாரும் நன்றி சொல்லவில்லை. வெளிப்படுத்தலில் பலிபீடத்தின் கீழே கிடக்கிற கொலையுண்ட ஆத்துமாக்கள்கூட ‘எதுவரைக்கும்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். செத்தவர்களே நியாயம் கேட்கும்போது அவர்களுக்குப் பதிலாக நாம் எதற்குத் திருப்தியடைகிறோம்?

நம் மண்ணில் சபை எதில் வளர்ந்தது? சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரத்தின் பெயரிலேயே சாட்சி இருக்கிறது. அங்கே வேர்விட்ட ஊழியத்தைத் தொடங்கியவர் ராக்லண்ட் ஐயர். கேம்பிரிட்ஜில் பெரிய பதவியில் இருந்தவர், 1854இலிருந்து வட திருநெல்வேலிச் சீமையில் கூடாரத்தோடு ஊர் ஊராக அலைந்தார். 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்தார், நோயில். அவரை யாரும் வெட்டவில்லை. அவர் நடந்தார், அந்த நடைதான் விதை. அதற்கும் முந்தி, சாத்தான்குளம் பக்கத்து நாடார் விசுவாசிகளை அடித்து விரட்டியபோது தாவீது சுந்தரானந்தமும் கூட இருந்தவர்களும் என்ன செய்தார்கள்? நிலம் வாங்கி 1799இல் முதலூரை உண்டாக்கினார்கள். 1830இல் மிஷனரி ரேனியஸ் ஐயர் தர்ம சங்கம் தொடங்கினார்; விசுவாசத்தால் இடமிழந்தவர்களுக்கு மனை வாங்கிக் குடியமர்த்துவதுதான் அதன் வேலை. தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மிஷன்களைத் தேடி ஆயிரக்கணக்கானோர் சபைக்கு வந்தார்கள். நிலம், கஞ்சி, பள்ளிக்கூடம், ஊர் ஊராக நடந்த நடை. நம் சபையின் விதை மூட்டையைப் பிரித்தால் உள்ளே இருப்பவை இவைதான்.

மதத்தை விட்டு ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1899 ஜூன் 6ஆம் தேதி ஆயிரக்கணக்கான பேர் திரண்டு வந்து சிவகாசியைச் சூறையாடினார்கள். வீடுகள் எரிந்தன. பிறகு இந்த ஊர் எழுந்தது. கொள்ளைதான் எங்களை வளர்த்தது என்று எந்தப் பெரியவராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? வியாபாரிகள் சேர்த்த மகமைப் பணம் வளர்த்தது, உறவின்முறைச் சங்கம் வளர்த்தது, 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தது வளர்த்தது என்பார்கள். சொந்த ஊர் விஷயத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கிற நாம் ஒடிசாவின் கந்தமாலைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஏன் தடுமாறுகிறோம்?

கந்தமாலைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயரைத்தான் நம் கூட்டங்களில் அதிகம் கேட்கிறேன். 2008 ஆகஸ்ட் 23ஆம் தேதி அங்கே இந்துத் துறவி சுவாமி லட்சுமணானந்தா கொல்லப்பட்டார். மாவோயிஸ்டுகள் பொறுப்பேற்றார்கள், பழி கிறிஸ்தவர்கள்மேல் விழுந்தது. அதையடுத்த தாக்குதல்களில் அரசுக் கணக்கிலேயே 39 பேர் செத்தார்கள். வீடிழந்தவர்கள் ஐம்பதாயிரத்துக்கும் மேல். பலர் இன்றும் சொந்த ஊர் திரும்பவில்லை. சுவாமியின் கொலை வழக்கில் ஏழு கிறிஸ்தவர்கள் பிடிக்கப்பட்டு, 2013இல் ஆயுள் தண்டனை பெற்றார்கள். ஏழு பேருக்கும் ஜாமீன் கிடைத்து முடிக்க 2019 ஆயிற்று. பதினொரு வருஷம். அவர்களுக்காகக் கையெழுத்து சேகரித்தவர்கள் உண்டு, வழக்காடியவர்கள் உண்டு. பேராயர் ரஃபேல் சீனத் உச்ச நீதிமன்றத்துக்குப் போனதால் 2016இல் கூடுதல் இழப்பீட்டுக்கும், முடித்துவைத்த முந்நூறுக்கு மேற்பட்ட வழக்குகளை மறுபடி பார்ப்பதற்கும் உத்தரவு வந்தது. அந்தப் பதினொரு வருஷமும் நம் பந்தல்களில் கந்தமாலுக்காக ஜெபித்தோம். ஏழு பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பதே நமக்குத் தெரியாது. கட்டப்பட்டவர்களோடு நாமும் கட்டப்பட்டவர்களாக நினைத்துக்கொள்ளச் சொல்கிறது எபிரெயர் நிருபம். பேர் தெரியாதவனோடு எப்படிக் கட்டப்படுவது?

ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெறும் ஜெபம் எதற்கு ஆகும் என்று கேட்கிறவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. தனியறையில் அடைபட்டுக் கிடந்தவர்கள், எங்கோ யாரோ நம்மை நினைக்கிறார்கள் என்ற ஒன்றால் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததாகச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். நான் அதை நம்புகிறேன். முழங்கால் தேய ஜெபித்த மனுஷிகளின் வீட்டில் பிறந்தவள் நான். ஜெபத்தைப் பெரிதாக நினைப்பதால்தான் அதில் பொய் கலப்பதைப் பொறுக்க முடியவில்லை. தீ அணைய வேண்டும் என்று ஜெபியுங்கள். தீக்கு நன்றி சொல்லாதீர்கள்.

ஓரியூர்ச் சிவப்பு மணலைப் பொட்டலம் கட்டி வருகிறவர்களையும், காற்றாடிமலையில் முட்டி போடுகிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். அந்த இடங்களில் 1693இல் அருளானந்தரும், 1752இல் தேவசகாயம் பிள்ளையும் கொல்லப்படும்வரை காட்டிய உறுதிக்குத் தலை வணங்குவது வேறு. அரிவாளையும் துப்பாக்கியையும் தேவ திட்டம் என்பது வேறு. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் சபையில் குண்டு வெடித்தபோது சிதறியவர்களில் பலர் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள், தமிழ் பேசும் பிள்ளைகள். கர்தினால் மால்கம் ரஞ்சித் அதை விதையென்று சொல்லி முடித்துக்கொள்ளவில்லை. யார் தெரிந்தும் தடுக்கவில்லை என்று வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எச்சரிக்கை வந்தும் காக்கத் தவறியதற்காக முன்னாள் அதிபர் சிறிசேனா 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பு வந்த வாரம் நம் ஆலயங்களில் எத்தனையில் ஒரு ஸ்தோத்திரம் கேட்டது? அதற்கல்லவா கையை உயர்த்தியிருக்க வேண்டும்.

விருதுநகர்க்காரர்களுக்குப் பிடி அரிசி தெரியும். உலை வைக்குமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவது. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலை அந்தப் பிடியில் வளர்ந்தது. சபைப் பெண்களும் காணிக்கைக்கு அதே வழக்கத்தை வைத்திருந்தார்கள்; எங்கள் அம்மாச்சி அடுப்படியில் அந்தப் பானை இருந்தது. போன வருஷம் எங்கள் தெருவில் ஆறு வீட்டார் அதை மறுபடி தொடங்கினோம். உலை வைக்கும்போது உபத்திரவப்படுகிற ஒருவர் பேர் சொல்லி ஒரு பிடி. மாதக் கடைசியில் விற்று, வழக்குச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் அனுப்புகிறோம். தொகை பெரிதில்லை. ஆனால் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், அடுத்த விசாரணை எந்தத் தேதி என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளாமல் அனுப்ப முடியாது. அந்த நோட்டைப் பார்த்துத்தான் இப்போது ஜெபிக்கிறோம். நோட்டு அவளிடம்தான் இருக்கிறது, அன்றைக்குக் கேள்வி கேட்டவளிடம். முதல் பக்கத்தில் எந்த நாட்டுப் பேரும் இல்லை. போன வருஷ வெடி விபத்தில் அப்பாவை இழந்த எங்கள் தெருப் பையன் ஒருவனின் பள்ளிக் கட்டணத்தை எழுதியிருக்கிறாள். அது உபத்திரவக் கணக்கில் வருமா என்று ஒருத்தி கேட்டாள். வரும் என்று நோட்டு வைத்திருக்கிறவள் சொல்லிவிட்டாள். நான் மறுக்கவில்லை.

இந்த நவம்பரிலும் பந்தல் போடுகிறார்கள். அதே பிரசங்கியார்தான் வருகிறாராம். மறுபடி ரத்தத்துக்காக ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னால் நாம என்னக்கா செய்யிறது என்று அவள் கேட்டாள். ஸ்தேவானுக்காக அழுதார்களே, நாமும் உட்கார்ந்தபடி அழுவோம் என்றேன்.